கேப்டன் கிம்பலின் மோவாய்

சுடுநீரில் முக்கிப் பிழிந்த துண்டு முகத்தின் மேல் விழுந்ததும், ஆம்ப்ரோஸ் டில்டனுக்கு அன்று காலையிலிருந்து முதல் தடவையாக உடம்பு தளர்ந்தது. நாற்காலி பின்னுக்குச் சாய்ந்திருந்தது. மூக்கு மட்டும் வெளியே. மணி பத்தரை. பன்னிரண்டுக்குத்தான் திறப்பு விழா. அதுவரை ஒரு மனிதர் தன் முகத்தை இன்னொருவர் கையில் ஒப்படைத்துவிட்டுச் சும்மா கிடக்கலாம், யாரும் ஏன் என்று கேட்க முடியாது. கடையை விட்டு இறங்கித் தெருவைத் தாண்டினால் சதுக்கம். சதுக்கத்தின் நடுவில், மரச்சட்டத்தின் மேல் பாய்மரத் துணி போர்த்திக் கயிறு கட்டி நிற்கிறது அவர் செய்த வெண்கலச் சிலை. கேப்டன் லூதர் கிம்பல். ஓஹையோ மாநிலத்து இந்த மெரிட்ஸ்பர்க்கிலிருந்து, வடக்கும் தெற்கும் மோதிக்கொண்ட போருக்குப் போய், இரண்டு வருஷம் சண்டையிட்டு, இருபத்தாறு வயதில் திரும்பி வராமலே போனவர். ஆயிற்று இருபத்தோரு வருஷம். ஊர் இப்போதுதான் சிலை வைக்கிறது. வைக்கட்டும், ஊர்கள் எல்லாம் இப்படித்தான், துக்கம் ஆறிப் பெருமை மட்டும் மிஞ்சிய பிறகுதான் சிற்பிக்குக் கடிதம் எழுதும். டில்டனுக்கு இது பன்னிரண்டாவது. பன்னிரண்டில் இதுதான் சரியாக வந்த ஒன்று. இதை அவர் யாரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. பின்னங்காலில் பாரத்தை வைத்து, தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு, யாரோ பேரைச் சொல்லிக் கூப்பிட்டது போலத் தலையைக் கொஞ்சம் திருப்பி நிற்கிறான் அந்தப் பிள்ளை. வார்ப்புப் பட்டறையில் வெண்கலம் ஆறி, மண் அச்சை உடைத்து எடுத்தபோது, கரி பூசிய முகத்தோடு நின்ற பட்டறைக்காரர்கள் கூடப் பேச்சை நிறுத்தினார்கள். அந்த நிசப்தம் ஒன்று போதும் அவருக்கு.

துண்டுக்குள் இருட்டு வெதுவெதுப்பாக இருந்தது. ஈரத் துணியின் வாசனை களிமண்ணைக் கொண்டுவந்தது. களிமண் காயாமலிருக்க அதன் மேல் ஈரத்துணி போர்த்த வேண்டும். நாற்பது வருஷமாகப் போர்த்தியிருக்கிறார். இன்று தன்னையே யாரோ போர்த்தி வைத்திருக்கிறார்கள் என்று நினைத்ததும் சிரிப்பு வந்தது. அதற்கும் முன்னால் களிமண் கிடையாது, கல்தான். வெர்மான்ட்டில் சலவைக்கல் வெட்டும் ஊரில், அப்பாவின் பட்டறையில், கல்லறைக் கற்களில் ஆட்டுக்குட்டி செதுக்கியதுதான் ஆரம்பம். செத்துப்போன குழந்தைகளுக்கு ஆட்டுக்குட்டி. ஒரு குளிர்காலத்தில் தொண்டை அடைக்கும் காய்ச்சல் வந்து முப்பத்தொரு ஆட்டுக்குட்டிகள். எல்லாம் ஒரே மாதிரி. முப்பத்தொன்றாவதின் காதை மட்டும் கொஞ்சம் மடித்துவிட்டார். அந்தக் குழந்தையை அவருக்குத் தெரியும், காது அப்படித்தான் மடங்கியிருக்கும். அதன் தாய் வந்து பார்த்துவிட்டு, "இது எங்க ரோஸ்" என்றாள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஃபிளாரன்ஸ் நகரத்தில் இரண்டு வருஷம் தங்கி, பழைய ஆசான்களின் முழங்கால்களையெல்லாம் வரைந்து பார்த்து, மாநில சபைக்கு ஒரு கவர்னரைச் செய்து, ஒரு ஊர்க் குளக்கரைக்கு நீர்த்தேவதை செய்து, அந்த ஊர் நகரசபை கூடிப் பேசித் தேவதைக்குச் சட்டை போடச் சொல்லி, அதையும் போட்டு, இன்னொரு ஊருக்குப் பீரங்கி மேல் கை வைத்த வீரன், இன்னொரு ஊருக்குக் கொடி பிடித்த வீரன் என்று பதினோரு சதுக்கங்களில் அவர் செய்த தோள்களின் மேல் பனி விழுந்துகொண்டிருக்கிறது. இருந்தாலும் அந்த 'எங்க ரோஸ்' மாதிரி ஒரு வார்த்தை மறுபடி வரவில்லை. பாஸ்டன் பத்திரிகையில் ஒருவன் எழுதினான்: டில்டனின் வீரர்கள் எல்லோரும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்று. எழுதிவிட்டுப் போகட்டும். அந்த மற்ற ஊர்களில் யாருக்கும் தனி முகம் வேண்டியிருக்கவில்லை, பொதுவாக ஒரு வீரன் போதும் என்றார்கள். இங்கேதான் முதல் தடவையாக ஒரு மனிதனைக் கேட்டார்கள்.

துண்டு விலகியது. கூரையில் ஒரு நீர்க்கறை, பிறகு சவரக்கடைக்காரரின் முகம் தலைகீழாக. கறுப்பின மனிதர், ஐம்பத்தைந்து வயது இருக்கும், நரைத்த கிருதா, கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை. கண்ணாடிக் கதவில் சைரஸ் ஹோல்ட் என்று தங்க நிறத்தில் எழுதியிருந்ததை டில்டன் வரும்போதே படித்திருந்தார்.

"ரயில்ல வந்தீங்களா ஐயா?"

"ஆமா. காலை வண்டி."

"சிலை பார்க்கவா?"

"பார்க்கத்தான்" என்றார் டில்டன். அது பொய்யும் இல்லை.

பிரஷ் வட்டம் வட்டமாகக் கன்னத்தில் சுழன்றது. நல்ல கை. நுரையை அள்ளி அப்பவில்லை, தோலுக்குள் ஏற்றியது. டில்டன் எந்த மனிதரையும் முதலில் கையை வைத்துத்தான் எடை போடுவார். இந்தக் கைக்குத் தன் பட்டறையில் தாராளமாக வேலை கொடுக்கலாம் என்று நினைத்துக்கொண்டார். தோல்வாரில் கத்தியைத் தீட்டுகிற சத்தம். பிறகு தொண்டைக் குழிக்குக் கீழே குளிர்ச்சியாக ஒரு கோடு.

"அந்தச் சிலைக்காரர் பன்னிரண்டு ஊருக்குச் செஞ்சிருக்காராம்" என்றார் சைரஸ், மேல்நோக்கி இழுத்துக்கொண்டே. "ரொட்டிக்காரர் மாதிரி அச்சுல போட்டு எடுத்துர்றார், மீசையை மட்டும் மாத்துவார்னு நீதிபதியோட குமாஸ்தா இதே நாற்காலியில உக்காந்து சொன்னார். எனக்குத் தெரியாது. நான் ஒண்ணையும் பார்த்ததில்ல."

கழுத்தில் கத்தி இருக்கும்போது மனிதன் பதில் சொல்ல முடியாது. டில்டனுக்குக் கோபம் வரவில்லை. ஒருவிதத்தில் சுகமாகக்கூட இருந்தது. ரொட்டி. குமாஸ்தா கொஞ்சம் பொறுக்கட்டும். இன்னும் ஒரு மணி நேரத்தில் துணி விழும், அப்போது பார்க்கலாம் எந்த அச்சில் இந்த முகம் இருந்தது என்று.

"யார் செஞ்சா என்ன. லூதர் ஐயா முகம் வந்திருந்தா சரி" என்று சைரஸ் தொடர்ந்தார். "நான் அவருக்கு ஆறு வருஷம் சவரம் பண்ணியிருக்கேன். சனிக்கிழமை தவற மாட்டார். முதல் சவரமே என் கையாலதான். போருக்குக் கிளம்பின அன்னைக்குக் காலையிலயும் வந்தார்."

டில்டனின் கண்கள் திறந்துகொண்டன. கூரையின் நீர்க்கறை ஒரு ஏரியின் படம் போல இருந்தது. ஆறு வருஷம். சனிக்கிழமை தவறாமல். மூன்று வருஷமாக அந்த முகத்தோடு குடித்தனம் பண்ணியவர் அவர்; ஆனால் அந்த முகத்தைத் தொட்ட ஒரு கை இருக்கக்கூடும் என்று ஒரு நாளும் தோன்றவில்லை. அவரிடம் இருந்ததெல்லாம் ஒரே ஒரு தகரப் படம். உள்ளங்கை அகலம், கறுத்த தகட்டில் எடுத்த புகைப்படம், முகாமிலிருந்து அந்தப் பிள்ளை தாய்க்கு அனுப்பியது. அதில் நெஞ்சு வரை தாடி. தாய், மிஸஸ் கிம்பல், அப்போதே கண் பார்வை மங்கியவர், படத்தை அவர் கையில் கொடுத்துவிட்டு, "இந்தத் தாடிக்காரனை நான் பெறல. என் பிள்ளை வீட்டை விட்டுப் போனப்போ முகம் வழவழன்னு இருந்துச்சு. அவனைச் செஞ்சு குடுங்க" என்றார். சிலைக் குழு தலையைச் சொறிந்தது. தாடிக்குக் கீழே இருப்பதை யார் கண்டது? டில்டன் கண்டார். கன்ன எலும்பு தெரிந்தால் தாடை தெரியும், பல் வரிசை தெரிந்தால் மோவாய் தெரியும். நாற்பது வருஷம் வேறு எதைத்தான் கற்றுக்கொண்டார்? படத்தில் தாடி ஒரு இடத்தில் மட்டும் சுழித்து உள்ளே போயிருந்தது. மோவாயில் குழி இருக்கிறதா என்று கேட்டதற்கு அந்த அம்மாள், "இருக்கு. நடுவுல இல்ல, ஒரு பக்கமா. அதான் படத்துல இருக்கே" என்றார். தாடியைப் பார்த்தே குழியைச் சொல்லிவிட்டேன் என்று டில்டன் அன்று ஓட்டல் அறையில் தனியாகக் கண்ணாடி முன் நின்று தனக்கே வணக்கம் வைத்துக்கொண்டார்.

கத்தி விலகிய நேரம் பார்த்து, "எப்படி இருக்கும் அவர் மோவாய்?" என்று கேட்டார்.

சைரஸ் யோசிக்கவில்லை. கட்டை விரலை நுரைக்குள் விட்டு, டில்டனின் மோவாயில், நடுவிலிருந்து இடப்பக்கம் தள்ளி ஓர் இடத்தில் அழுத்தினார். "இங்கே ஒரு குழி ஐயா. நேரா இழுத்தா ரத்தம் வந்துரும். கத்தியைத் திருப்பி ஓரமா எடுக்கணும். ஆத்துல படகு பாறையைச் சுத்திக்கிட்டுப் போற மாதிரி."

குழி இருக்கிறது. இருக்கிறது, இருக்கிறது. டில்டனுக்கு நெஞ்சுக்குள் ஏதோ எழுந்து நின்று கை தட்டியது. பார்க்காததைச் செய்து, பார்த்தவன் வாயால் கேட்பது! பாஸ்டன் பத்திரிகைக்காரனை இந்த நாற்காலிக்குப் பக்கத்தில் உட்கார வைக்க வேண்டும். அந்தக் குழியை அவர் களிமண்ணில் வைத்த விதம் விரலுக்கு இன்னும் நினைவிருந்தது. சிலைக்கு நேர் எதிரில் நின்று, இடது கையால் கழுத்தைத் தாங்கிக்கொண்டு, வலது கட்டைவிரலை அழுத்தி ஒரு திருப்பு. தனக்கு இடது பக்கமாக. எதிரில் நிற்கிறவருக்கு இடது பக்கம் என்றால் சிலைக்கு வலது பக்கம். இங்கே எங்கேயோ நூல் சிக்கிற்று. மறுபடி பிடித்து இழுத்தார். சைரஸ் தொட்டது என் மோவாயில். எனக்கு இடது. நான் கேப்டனாக உட்கார்ந்திருக்கிறேன் என்றால் கேப்டனுக்கு இடது. சிலையில் இருப்பது கேப்டனுக்கு வலது. இல்லை, பொறு. சவரக்காரர் பின்னால் நிற்கிறார், கண்ணாடியில் பார்க்கிறார், அவருக்கு இடம் வலம் குழம்பியிருக்கும். ஆனால் அவர் கண்ணாடியைப் பார்த்துச் சொல்லவில்லையே, விரலால் அல்லவா சொன்னார். விரலுக்கு ஏது கண்ணாடி? இருபத்து மூன்று வருஷத்துக்கு முந்தைய விரல், மறந்திருக்கலாம். இவர் எத்தனை முகம் பார்த்திருப்பார். மறந்திருக்கலாம் என்று சொல்லிக்கொண்டபோதே அது பொய் என்று அவருக்குத் தெரிந்தது. கை மறக்காது. கை மறக்கும் என்று ஒப்புக்கொண்டால் அவருக்கே பிழைப்பு இல்லை. சரி, அப்படியானால் படம். தகரப் படம். தகரப் படம் கண்ணாடி மாதிரி. வலதை இடதாக்கும், இடதை வலதாக்கும். தொழிலில் கால் வைத்த முதல் மாதமே எல்லோருக்கும் தெரிகிற சங்கதி. அதைத் திருப்பிப் பார்த்துத்தான் செய்ய வேண்டும். திருப்பித்தானே செய்தார்? கோட்டில் பித்தான்கள் வலது பக்கமாக ஏறி இருக்கின்றன, சரியாக இருக்கின்றன. வாள் இடது இடுப்பில், சரியாக இருக்கிறது. படத்தில் அவை மாறியிருந்தன, அவர் திருத்தினார், திருத்தியது நன்றாக நினைவிருக்கிறது. மே மாதம். ஜன்னலைத் திறந்து வைத்திருந்தார், வெளியே ஆப்பிள் மரம் பூத்திருந்தது. அது உடுப்பு. முகம்?

"கழுத்துல நாடி வேகமா அடிக்குது ஐயா" என்றார் சைரஸ். "கொஞ்சம் அசையாம இருங்க."

முகம் பிப்ரவரியில். எப்போதும் முகத்தைத்தான் முதலில் முடிப்பார். முறை எளிது: தகரப் படத்தைச் சாய்த்து வைத்து அதற்கு எதிரே கைக்கண்ணாடியைப் பிடித்தால் கண்ணாடிக்குள் முகம் நேராகிவிடும், அதைப் பார்த்துச் செய்யலாம். பிடித்துக்கொள்ள மனைவி அடலீன் இருப்பாள். பதினோரு சிலைக்கும் அவள்தான் அவருக்கு இன்னொரு கண். சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து, முழங்காலில் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு, ஒரு கையால் கண்ணாடியைப் பிடித்தபடியே படிப்பாள், கை ஆடாது. "மூக்கு பெரிசாப் போகுது ஆம்ப்ரோஸ்" என்று நிமிராமலே சொல்வாள். அந்தப் பிப்ரவரியில் யார் பிடித்தது? வெள்ளிப் பிடி போட்ட, அவள் தாய் வீட்டிலிருந்து கொண்டுவந்த கண்ணாடி. பட்டறை அலமாரியில்தானே இருக்கும். அலமாரியில் இல்லை. அதன் இடம் காலியாக இருந்தது, தூசி படியாத ஒரு முட்டை வடிவம். ஏனென்றால் கண்ணாடி மாடியில் இருந்தது. மாடியில், கட்டிலில், போர்வைக்கு மேல், அவள் கைக்குப் பக்கத்தில். அடலீன் அந்த மாதம் முழுக்கப் படுக்கையை விட்டு எழவில்லை. தினமும் காலையில் கண்ணாடியை எடுத்துத் தன் முகத்தைப் பார்ப்பாள், எவ்வளவு இளைத்திருக்கிறது என்று. பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் கவிழ்த்து வைப்பாள். அவர் மாடிக்கும் பட்டறைக்கும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தார். அதைக் கொடு, எனக்கு வேலைக்கு வேண்டும் என்று அவளிடம் எப்படிக் கேட்பது? கேட்கவில்லை. படத்தைப் பார்த்தார், மனசாலேயே திருப்பிக்கொள்ளலாம் என்று நினைத்தார், நினைத்தாரா? கீழே இறங்கினார், ஈரத்துணியை எடுத்தார், கட்டைவிரலை வைத்தார், மேலே இருமல் கேட்டது, அப்படியே ஓடினார். அடலீன் மார்ச் நாலாம் தேதி போய்விட்டாள். முகம் அதற்குள் முடிந்திருந்தது. திரும்பி வந்து பார்த்தபோது அது அவ்வளவு நன்றாக இருந்தது, அவ்வளவு உயிரோடு இருந்தது, சரிபார்க்க வேண்டும் என்றே தோன்றவில்லை.

கத்தி கன்னத்தில் கடைசி இழுப்பு இழுத்தது. பயம் என்று ஒன்று வந்து நின்றதென்னவோ உண்மை. ஆனால் அது நெடுநேரம் நிற்கவில்லை. டில்டன் அதை எல்லாப் பக்கமும் சுற்றிப் பார்த்தார், கல்லைப் பார்க்கிற மாதிரி. தப்பு நடந்திருக்கிறது. சரி. தப்பு எங்கே என்று தெரிந்துவிட்டது. தெரியாமல் கைதட்டல் வாங்குவதைவிட இது மேல். ஒன்றைச் செய்தவனுக்கு அதில் என்ன பிசகு என்று முதலில் தெரிந்திருக்க வேண்டும். அதுகூட இல்லாவிட்டால்தான் ரொட்டிக்காரன். சைரஸ் முகத்தைத் துடைத்து நாற்காலியை நிமிர்த்தினார். கண்ணாடியில் இருவர் முகமும் தெரிந்தன.

"நீங்க என்கூடச் சதுக்கத்துக்கு வரணும்" என்றார் டில்டன். "துணிக்குள்ள போய் அந்த முகத்தைத் தொட்டுப் பார்த்துச் சொல்லணும்."

"அதெல்லாம் கிட்டவே விட மாட்டாங்க ஐயா."

"என்னை விடுவாங்க. அந்த ரொட்டிக்காரன் நான்தான்."

சைரஸ் மன்னிப்பும் கேட்கவில்லை, சிரிக்கவும் இல்லை. கைகளைத் துடைத்துக்கொண்டு, ஆணியிலிருந்து கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டு, கதவில் 'மூடியிருக்கிறது' அட்டையைத் திருப்பி வைத்தார்.

சதுக்கத்தில் கூட்டம் சேர ஆரம்பித்திருந்தது. பாண்டு வாத்தியக்காரர்கள் நிழலில் நின்று தொப்பியால் விசிறிக்கொண்டிருந்தார்கள். கயிற்றைச் சரிபார்க்க வேண்டும் என்று டில்டன் காவலாளியிடம் சொன்னது போதுமானதாக இருந்தது. கூட வந்தவர் யார் என்று அவன் கேட்பதற்குள் இருவரும் துணியை விலக்கி உள்ளே போய்விட்டார்கள். உள்ளே வெளிச்சம் வெண்ணெய் நிறத்தில் இருந்தது. புதுக் கருங்கல்லின் வாசனை, எண்ணெய் தடவிய வெண்கலத்தின் வாசனை. வேலையாட்கள் விட்டுப்போன ஏணி பீடத்தின் மேல் சாய்ந்திருந்தது. டில்டன் ஏணியின் அடியைப் பிடித்துக்கொண்டார். சைரஸ் ஏறினார். டில்டனுக்குத் தெரிந்ததெல்லாம் அவருடைய காலணியின் அடிப்பாகங்கள், ஒன்றில் புதுத்தோல் ஒட்டியிருந்தது, இன்னொன்றில் இல்லை. மேலே மூச்சுச் சத்தம். பிறகு அதுவும் இல்லை. வெளியே யாரோ ஒரு பெண் நாற்காலியை இந்தப் பக்கம் போடச் சொன்னாள். இவ்வளவு நேரம் ஏன்? ஒரு முகத்தைத் தொட இவ்வளவு நேரமா? தொட்டுக்கொண்டே இருக்கிறாரா, இல்லை, தொட மனமில்லாமல் நிற்கிறாரா? கோட்டு மடிப்பு நன்றாக வந்திருக்கிறது, அந்தப் பின்னங்கால் நன்றாக வந்திருக்கிறது, அதை யாரும் மறுக்க முடியாது என்று டில்டன் எதிரே இருந்த வெண்கலப் பூட்ஸைப் பார்த்துச் சொல்லிக்கொண்டார்.

"அவர்தான்" என்றது மேலேயிருந்து குரல். "அவர்தான் ஐயா. ஆனா குழி இந்தப் பக்கம் இல்ல. அந்தப் பக்கம். வகிடும் மாறியிருக்கு, புருவத்துல அந்த வெட்டும் மாறியிருக்கு."

"தெரியும்" என்றார் டில்டன்.

சைரஸ் இறங்கினார். கடைசிப் படியில் நின்று, கையைப் பார்த்துக்கொண்டே, "சவரம் முடிஞ்சு நிமிர்ந்து உக்காந்தா, என் கடைக் கண்ணாடியில இப்படித்தான் தெரிவார். நான் பாதி நேரம் பார்த்தது இந்த முகத்தைத்தான். அவரும் தன்னை இப்படித்தான் பார்த்திருப்பார்" என்றார்.

அது அன்பாகக் கொடுக்கப்பட்ட ஒரு சமாதானம்; நல்ல சமாதானமும்கூட. பத்து வருஷத்துக்கு முன்னால் என்றால் டில்டன் அதை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மேடை ஏறியிருப்பார், ஒரு விருந்தில் அதைத் தன் யோசனை மாதிரியே சொல்லியும் இருப்பார். "அவங்கம்மா கண்ணாடிக்குள்ள பார்க்கலையே" என்றார் இப்போது. "கிளம்பின அன்னைக்கு எப்படி இருந்தார்?"

"பயந்துபோய் இருந்தார். கத்தி படறதுக்கு முன்னாடியே நாடி துடிச்சுது, இப்ப உங்களுக்குத் துடிச்ச மாதிரி. 'சைரஸ், நல்லா நெருக்கமா எடு, அம்மா முத்தம் குடுக்கறப்போ குத்தக் கூடாது'ன்னார்."

மேடையில் முன்வரிசை நடு நாற்காலியில் மிஸஸ் கிம்பல் உட்கார்ந்திருந்தார். எண்பது வயது, கறுப்புத் தொப்பி, கைத்தடியின் மேல் இரண்டு கைகள். பார்வை முழுக்கப் போய்விட்டது என்று குழுவினர் கடிதத்திலேயே எழுதியிருந்தார்கள். இன்னும் கால் மணி நேரம் இருந்தது. நீதிபதி ரூக்கர், சிலைக் குழுவின் தலைவர், தன் உரையின் காகிதங்களை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தார். டில்டன் அந்த அம்மாளின் நாற்காலிப் பக்கம் முழங்காலை மடித்து உட்கார்ந்தார். முழங்கால் சொடக்கிட்டது. சொல்ல வேண்டாம் என்று ஒரு குரலும் உள்ளே எழவில்லை. அதுவே அவருக்கு வியப்பாக இருந்தது. இவர் பார்க்கப் போவதில்லை, ஊருக்குத் தெரியப் போவதில்லை, சைரஸ் வாயைத் திறக்கப் போவதில்லை. சொல்லாமல் விட இவ்வளவு வசதி இருந்தும் நாக்கு தானாக முன்னால் வந்து நின்றது.

"அம்மா, நான் டில்டன். உங்க மகன் முகத்துல ஒரு தப்பு பண்ணிட்டேன்."

"என்ன தப்பு?"

"தகரப் படம் பக்கத்தை மாத்திக் காட்டும். அதைத் திருப்பாம செஞ்சுட்டேன். மோவாய்க்குழி பக்கம் மாறிடுச்சு. வகிடும் அப்படித்தான். வார்த்தாச்சு, இனி மாத்த முடியாது. புதுசாத்தான் செய்யணும். நீங்க சொன்னா செய்யறேன்."

மிஸஸ் கிம்பல் கோபப்படுகிறாரா என்று முகத்தில் தேடினார் டில்டன். கோபம் இல்லை, இருட்டில் படி எங்கே என்று கால் தேடுகிற மாதிரி ஒரு கவனம்.

"சரியான பக்கம் எது?" என்று அவர் கேட்டார். மிகவும் மெல்ல.

டில்டனுக்குப் புரியவில்லை.

"எந்தப் பக்கம்னு எனக்குத் தெரியல" என்றார் அந்த அம்மாள். "அவன் குழந்தையா இருந்தப்போ அந்தக் குழியில பால் தேங்கி நிக்கும், துடைச்சு விடுவேன். எந்தப் பக்கம்னு மட்டும் போயிடுச்சு. அந்தப் படத்தையே பார்த்துப் பார்த்து, படம்தான் மனசுல நின்னுச்சு. அதுலயும் ஏதோ சரியில்லன்னு தோணும், என்னன்னு தெரியாது. பெத்த பிள்ளை முகம் மறந்துபோச்சுன்னு யார்கிட்ட போய்ச் சொல்றது? நீங்க அன்னைக்குக் கேட்டப்போ படத்துல இருக்குன்னு சொல்லிச் சமாளிச்சேன்."

"இடது பக்கம், அம்மா. அவருக்கு இடது."

"யார் சொன்னது?"

"சைரஸ் ஹோல்ட். எதிர்ல சவரக்கடை வச்சிருக்கார்."

அந்த அம்மாளின் கைத்தடி பலகையில் ஒரு முறை தட்டியது. "இருபது வருஷமா அந்தக் கடை வாசல் வழியாத்தான் கோயிலுக்குப் போறேன். ஒரு பொம்பளை அதுக்குள்ள எப்படி நுழையறது. எங்கே அவர்?"

கூட்டத்தின் கடைசி வரிசையில், பாண்டு வாத்தியக்காரர்களுக்கும் பின்னால், தொப்பியைக் கையில் பிடித்தபடி சைரஸ் நின்றுகொண்டிருந்தார். டில்டன் மேடை விளிம்பில் நின்று கையைத் தூக்கி அழைத்தார். நீதிபதி ரூக்கர் காகிதங்களை விட்டு நிமிர்ந்தார்.

"மிஸ்டர் டில்டன், மணி ஆகிவிட்டது. அவன் எதற்கு மேடைக்கு?"

"நான் கூப்பிட்டேன்" என்றார் மிஸஸ் கிம்பல். "அவர் வர்ற வரைக்கும் என் பிள்ளை துணிக்குள்ளயே இருக்கட்டும்."

கூட்டம் தானாக வழி விட்டது. சைரஸ் படியேறி வந்து நாற்காலிக்கு முன்னால் நின்றார். அவ்வளவு பேர் பார்க்கும்போது கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் தொப்பியை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார். டில்டன் அந்தத் தொப்பியை வாங்கிக்கொண்டார். மிஸஸ் கிம்பல் கையுறையைக் கழற்றிவிட்டு வலது கையை நீட்டினார். சைரஸ் அந்தக் கையின் சுட்டு விரலைப் பிடித்தார், கத்தியைப் பிடிக்கிற அதே லாவகத்தோடு. பிடித்து, அந்த அம்மாளின் மோவாயிலேயே, நடுவிலிருந்து இடப்பக்கம் கொண்டுபோய் வைத்தார்.

"இங்கேம்மா. இல்ல, இன்னும் கொஞ்சம் கீழே. இந்த இடம்."

"இதா?"

"அதேதான்."

அந்த அம்மாளின் முகத்தில் ஒன்றும் பெரிதாக நடக்கவில்லை. உதடுகள் மட்டும் இரண்டு முறை அசைந்தன, யாரிடமோ எதையோ ஒத்துக்கொள்கிற மாதிரி. "உக்காருங்க சைரஸ்" என்றார். காலி நாற்காலி இல்லை. டில்டன் தன் நாற்காலியை நகர்த்திக் கொடுத்துவிட்டு மேடைத் தூணில் சாய்ந்து நின்றுகொண்டார். நீதிபதி ரூக்கர் அதைப் பார்த்தார், தொண்டையைச் செருமினார், தியாகம் என்று ஆரம்பித்தார். உரை நாற்பது நிமிஷம் நீண்டது. அந்த அம்மாள் புது முகம் செய்யச் சொல்வாரோ என்று டில்டன் ஒரு முறை யோசித்தார். சொன்னால் செய்யலாம், கை இன்னும் நன்றாகவே இருக்கிறது, இந்தத் தடவை பயத்தையும் அந்தத் தாடையில் எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியும். பாண்டு முழங்கியது, கயிறு இழுபட்டது, துணி ஒரு பக்கம் சிக்கிப் பிறகு மொத்தமாகச் சரிந்தது. ஊரே அண்ணாந்து பார்த்தது. முதலில் ஒரு நிசப்தம், அதற்குப் பிறகு கைதட்டல், யாரோ ஒருவர் அச்சு அசல் என்றார், நாளைக்குப் பத்திரிகையிலும் அதைத்தான் எழுதுவார்கள். டில்டன் தன் சிலையைப் பார்க்கவில்லை. மேடையில் அவருக்குப் பக்கத்தில் அந்த அம்மாள் தலை குனிந்து, கூச்சலில் எதையும் காதில் போட்டுக்கொள்ளாமல், விரலை அந்த இடத்திலிருந்து எடுக்காமலே உட்கார்ந்திருந்தார்.